பத்து ரூபாய் பின்னுக்குள் இத்தனை சங்கதியா? தெரியுமா?

அருப்புக்கோட்டை பஜாரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தலைக்கு மேல் ஒரு கேமரா. நகைக் கடை, ஜவுளிக் கடை, உரக் கடை, ஏன், டீக்கடையில்கூட! திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனால் சீமைக்கருவேலத்துக்கு நடுவே பம்புசெட் ரூம், அதன் தலையில் சோலார் பேனல். வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ், நெட் பாக்ஸ், ஆளுக்கொரு சார்ஜர். கேமரா போச்சு, நெட் போச்சு என்று மெக்கானிக்குக்குப் போன் அடிக்கிறோமே, வந்தவர் முதலில் எதைத் தொட்டுப் பார்க்கிறார், கவனித்திருக்கிறீர்களா? பெட்டியை இல்லை, ஒயரையும் இல்லை. இரண்டும் சேரும் முனையை! பின், கிளிப், ஜாக் என்று ஆளுக்கொரு பேர் சொல்லும் அந்தத் துண்டுச் சாமானுக்குள் உலகப் போர் இருக்கிறது, தங்கம் இருக்கிறது, நம்மூர்த் தறிக்குச் சொந்தக்காரக் கம்பெனி ஒன்றுகூட இருக்கிறது!

கேமராக் கேபிளின் நுனியில் பளபளக்கும் பிஎன்சி பின்னைச் சொருகிக் கால் சுற்றுத் திருகினால் டக்கென்று உட்கார்ந்துகொள்ளும். இந்தத் திருகல் உங்கள் கைக்குப் பழகியதுதான், தெரியுமா? குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டும் அதே திருகல்! பக்கத்துக்கு ஒரு முளை, வளைந்த பள்ளம், உள்ளே ஸ்பிரிங். அமுக்கு, திருப்பு, விடு, முடிந்தது. துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டுவதற்கு ராணுவக்காரர்கள் கண்ட வழி இது. பிஎன்சியில் வரும் ‘பி’ பேயனெட் என்கிற அந்தக் கத்தியைத்தான் குறிக்கிறது. ‘என்’ என்பது பெல் ஆய்வகத்தின் பால் நீல், ‘சி’ என்பது ஆம்பினால் கம்பெனியின் கார்ல் கான்செல்மேன். இதில் வேடிக்கை என்னவென்றால், காப்புரிமை இந்த இருவர் பேரிலும் இல்லை! ஹேசல்டைன் கம்பெனியின் ஆக்டேவியோ சலாட்டி 1945-ல் விண்ணப்பம் போட்டு 1951-ல் வாங்கிக்கொண்டார். ரேடாரும் ராணுவ ரேடியோவும் உச்சத்தில் இருந்த காலத்துச் சரக்கு இன்று உரக் கடை வாசலில் தொங்குகிறது.

கண்காணிப்புக் கேமராவும் போர்க்காலப் பிள்ளைதான். 1942-ல் ஜெர்மனியின் பேனமுண்டேயில் வி-2 ராக்கெட் மேலே போவதைத் தூரத்தில் பாதுகாப்பாக உட்கார்ந்து பார்ப்பதற்காகத்தான் தொடக்ககால ஏற்பாடு ஒன்று நடந்தது. வால்டர் புரூக் என்ற பொறியாளர் அதைச் செய்தார். திருடனைப் பிடிக்கும் யோசனையெல்லாம் பின்னால் வந்தது.

இன்னொன்று தெரியுமா? பிஎன்சியில் இரண்டு சாதி உண்டு. 75 ஓம் ஒன்று, 50 ஓம் ஒன்று. பார்வைக்கு ஒரே மாதிரி, ஒன்றில் ஒன்று மாட்டவும் செய்யும்! ஆனால் கேமராவுக்கு 75 தான் வேண்டும். நடுக் கம்பியும் சுற்று வலையும் இடையில் காற்றுமாக இருக்கும் கேபிளில் சமிக்ஞை மிகக் குறைவாகத் தேய்வது 77 ஓம் வாக்கில். அதை ஒட்டித்தான் படம் கடத்துகிற கேபிளுக்கெல்லாம் 75. அனுப்பும் சக்தியையும் கவனிக்க வேண்டிய ரேடியோக்காரர்கள் 50-ல் சமாதானம் ஆனார்கள். 1990-களில் கம்ப்யூட்டர் சென்டர்களில் கணினிகளை வரிசையாகக் கோத்தது இந்த 50 ஓம் பிஎன்சிதான். கடைசிக் கம்ப்யூட்டரில் மாட்டிய மூடியை ஒரு பையன் விளையாட்டாகக் கழற்றினால் போதும், அந்த வரிசை மொத்தமும் படுத்துவிடும்!

இப்போது திருச்சுழிக்கு வாருங்கள். குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயில் இருக்கும் இந்த ஊரில் 1879 டிசம்பர் 30-ல் வேங்கடராமன் என்ற குழந்தை பிறந்தது. பிற்பாடு திருவண்ணாமலை போய் ரமண மகரிஷி ஆனவர். அந்தக் குழந்தை தொட்டிலில் கிடந்த 1880-ல் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு, கம்பிக்குள் கம்பி வைத்த கோஆக்சியல் கேபிளுக்குக் காப்புரிமை வாங்கினார். தத்தி நடக்கும் வயதில், 1881-ல், அலெக்சாண்டர் கிரகாம் பெல் இரண்டு கம்பிகளை முறுக்கி ஓடவிட்டால் இரைச்சல் குறையும் என்று காப்புரிமை வாங்கினார். முதலாவது இன்றைய கேமராக் கேபிள். இரண்டாவது இன்றைய நெட் கேபிள். அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே இரண்டுக்கும் விதை போட்டாயிற்று! நாம்தான் இதையெல்லாம் நேற்று வந்த சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா, பொழுது சாய்ந்ததும் அணைந்து அணைந்து எரியும். தோட்டத்துக் கேமராவில் இது சகஜம். பேய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விஷயம், கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் டிசி பின்னுக்கு வரும் 12 வோல்ட்டில் இருக்கிறது. மெக்கானிக்குகள் ‘த்ரீ பிளஸ் ஒன்’ என்று சொல்லும் கேபிளில் படத்துக்கு ஒரு கோஆக்சியலும் கரண்டுக்கும் சத்தத்துக்குமாக மூன்று மெல்லிய ஒயர்களும் ஒரே உறைக்குள் வரும். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 50 மீட்டர் போய் 50 மீட்டர் திரும்பினால் அதன் தடை ஏறத்தாழ மூன்றரை ஓம். பகலில் கேமரா கால் ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும், பாதகமில்லை. இருட்டியதும் இருளில் பார்க்கும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். இழுவை 0.6 ஆம்பியர் ஆனால் இரண்டு வோல்ட் காலி. கேமராவுக்கு மூச்சுத் திணறி அணையும். அணைந்ததும் இழுவை போய்விடுவதால் வோல்ட் திரும்ப ஏறும். கேமரா கண் விழிக்கும், விளக்கு எரியும், மறுபடி அணையும். விடிய விடிய இதே கதை! மலிவு என்று செம்புப் பூச்சு அடித்த அலுமினிய ஒயரை வாங்கியிருந்தால் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல், கேட்கவே வேண்டாம்.

அந்த டிசி பின்னிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு. வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டர். நடு ஓட்டை 2.1 ஆகவும் இருக்கும், 2.5 ஆகவும் இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2.1 பின்னை 2.5 சாக்கெட்டில் சொருகினால் போகவே போகாது, அது நல்லது. 2.5 பின்னை 2.1 சாக்கெட்டில் சொருகினால் போய்விடும், ஆனால் ஆடும். செட்டாப் பாக்ஸைத் தட்டினால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்கிற வீடுகளில் போய்ப் பாருங்கள், அடாப்டர் மாறியிருக்கும்.

நெட் கேபிளுக்கு ‘ஆர்ஜே45’ அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கடைத் தம்பி ஒருவர் உறையை உரிக்கிறார். உள்ளே நான்கு ஜோடி, எட்டு ஒயர். முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி, ஒட்டினாற்போல் வரிசை சேர்க்கிறார். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். நுனியை ஒரே வெட்டாக வெட்டி, கிளிப்புக்குள் தள்ளி, மறுபக்கம் எட்டுச் செம்புப் பொட்டும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கிரிம்பரை ஒரு நெரி.

“ஏன் தம்பி, கலர் வரிசையை நம்ம இஷ்டத்துக்கு வச்சா ஓடாதா?”

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வச்சா ஓடும்ணே. டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரியும். ஆனா ஜோடி பிரிஞ்சு போயிரும். கிட்டத்துல தெரியாது, தூரம் கூடுனா நெட்டு நொண்டும். முறுக்கையும் அரை இஞ்ச்சுக்கு மேல பிரிக்கக் கூடாது.”

ஒரு பொறியியல் பாடத்தை நாலு வரியில் முடித்துவிட்டார்! அந்த நான்கு ஜோடிகளும் ஒரே அளவில் முறுக்கப்பட்டவை அல்ல, தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் முறுக்கின் நெருக்கம் வேறு. ஒரே மாதிரி முறுக்கினால் பக்கத்து ஜோடியின் பேச்சு இதற்குள் கேட்டுவிடும். அப்புறம், பச்சை ஜோடியை மட்டும் பிரித்து நடுவில் நீலத்தைக் குடிவைத்திருப்பது ஏன்? பழைய டெலிபோன் இணைப்பு நடு இரண்டு கம்பிகளில் வரும். அதற்கு இடம் விட்டுத்தான் நீலத்தை நடுவில் வைத்தார்கள். லேண்ட்லைன் போன வீடுகளிலும் அதற்கு ஒதுக்கிய இடம் போகவில்லை. இன்னொரு கூத்து, அமெரிக்க டெலிபோன்காரர்கள் அசலில் ஆர்ஜே45 என்று வைத்திருந்த பிளக்குக்குப் பக்கவாட்டில் ஒரு துருத்தல் உண்டு. அதைக் கொண்டுவந்தால் நம் ரவுட்டரில் நுழையவே நுழையாது!

ஒயரின் மேல்தோலை உரிக்காமலேயே கரண்ட் எப்படிப் போகிறது? கிரிம்பர் நெரிக்கும்போது எட்டு உலோகப் பற்கள் இறங்கி, தோலைத் துளைத்துச் செம்பைக் கவ்வுகின்றன. அந்தப் பற்களில் பூசியிருப்பது நிஜத் தங்கம்! நல்ல ரகத்தில் 50 மைக்ரோ இஞ்ச், அதாவது சுமார் 1.27 மைக்ரான். தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு தேறும். தங்கம் கறுக்காது, களிம்பு ஏறாது, அதற்காகத்தான். ஆகவே நகைக் கடைக் கேமராவின் கிளிப்பிலும் நகை இருக்கிறது. மலிவு ரகத்தில் 3 மைக்ரோ இஞ்ச்தான் பூசியிருப்பார்கள். நாலு தரம் கழற்றி மாட்டினால் தேய்ந்துவிடும்.

அதே நெட் கேபிளில் கேமராவுக்குக் கரண்டையும் சேர்த்து அனுப்புகிற ‘பிஓஇ’ முறை 2003-ல் தரமாக்கப்பட்டது. முதலில் 15.4 வாட், 2018-ல் 90 வாட் வரை வந்துவிட்டது. 48 வோல்ட் வாக்கில் போகிறதே, தெரியாமல் லேப்டாப்பைச் சொருகினால் கருகிவிடாதா? கருகாது! கரண்ட் அனுப்பும் பெட்டி முதலில் 10 வோல்ட்டுக்கு உட்பட்ட ஒரு சின்ன மின்னழுத்தத்தை அனுப்பி, அந்தப் பக்கம் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறது. இருந்தால்தான் முழுக் கரண்டையும் திறந்துவிடும். ஆள் தெரியாமல் கதவைத் திறக்காத பெட்டி! ஆனால் நெட் கேபிளில் கரண்ட் ஏற்றுவதற்குக் கடைகளில் விற்கும் மலிவு இன்ஜெக்டர்கள் சிலவற்றுக்கு இந்த விசாரணையெல்லாம் கிடையாது. எதைச் சொருகினாலும் தள்ளிவிடும்.

இனி கிழக்கே, கமுதிக்கு! பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் செங்கப்படையை ஒட்டிய வறண்ட காட்டில் 2016 செப்டம்பரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்று மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அதானி குழுமம் கட்டியது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அன்று உலகத்திலேயே அதுதான் பெரிது. அப்புறம் ராஜஸ்தானின் பாட்லாவும் கர்நாடகத்தின் பாவகடாவும் முந்திவிட்டன. 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள், கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர் கேபிள், எட்டே மாதத்தில் கட்டி முடித்த வேலை. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு பேனலின் முதுகிலிருந்தும் இரண்டு வால் வரும், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். வாலுக்கு ஒரு கறுப்புப் பின். அப்படியானால் அரைக் கோடிப் பின்கள்! அத்தனையும் வெயிலில், தூசியில், மழையில் கிடக்க வேண்டும். அதில் ஒன்று கோளாறானால் அந்த வரிசை முழுவதும் கரண்ட் நின்றுவிடும்.

அந்தக் கறுப்புப் பின்னின் பேர் எம்சி4. 4 என்பது உள்ளே இருக்கும் ஊசியின் பருமன், 4 மில்லிமீட்டர். எம்சி என்பது மல்டி-கான்டாக்ட் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனி. அந்தக் கம்பெனியை 2002-ல் வாங்கியது யார் தெரியுமா? ஸ்டாய்ப்லி. நெசவுக்காரர்களுக்கு இந்தப் பேர் தெரிந்திருக்கும். 1892-ல் ஹோர்கன் என்ற ஊரில் தறிக்கு டாபி செய்து பிழைக்க ஆரம்பித்த கம்பெனி அது! பார்டரில் பூ விழுவதற்கு எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று சொல்லும் டாபியும் ஜக்கார்டும் இன்றும் அவர்கள் தொழில். தறிச் சத்தத்தில் வளர்ந்த அருப்புக்கோட்டைக்கும் வெயிலை விளைவிக்கும் கமுதிக்கும் ஒரே கம்பெனி சம்பந்தி என்றால் யார் நம்புவார்கள்?

எம்சி4-ஐச் சொருகினால் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். வெறும் கையால் இழுத்தால் வராது, தனிச் சாவி வேண்டும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். வீட்டில் வரும் ஏசி கரண்ட் ஒரு நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. பிளக்கைப் பிடுங்கும்போது பொறி தட்டினாலும் அடுத்த பூஜ்யத்தில் செத்துவிடும். பேனலிலிருந்து வருவது டிசி. அதற்குப் பூஜ்யமே கிடையாது! இருபது பேனலை வரிசையாகக் கோத்தால் 700, 800 வோல்ட். ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னைப் பிடுங்கினால் இடையில் எழும் தீ நாக்கு அணையாமல் நின்று எரியும், பிளாஸ்டிக்கையும் விரலையும் சேர்த்து. சோலார் பம்புசெட் வைத்திருக்கும் சம்சாரிகள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் சுவிட்ச், பிறகுதான் பின். வெயில் அடிக்கும்வரை பேனலை அணைக்க வழியில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

உலோகமும் உலோகமும் தொடுகின்றன என்கிறோமே, நிஜத்தில் அவை எவ்வளவு தொடுகின்றன? வழுவழுப்பாகத் தெரியும் பரப்பும் பூதக்கண்ணாடிக்குள் மேடு பள்ளம்தான். மேடும் மேடும் முட்டும் ஒரு சில புள்ளிகளில் மட்டும்தான் கரண்ட் முழுவதும் கடக்கிறது! ராக்னர் ஹோல்ம் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் புள்ளிகளுக்கே கொடுத்தார். நல்ல எம்சி4-ல் தடை அரை மில்லி ஓம்கூட வராது. பத்து ஆம்பியர் ஓடினாலும் வீணாவது 0.05 வாட்டுக்குள். அதே இணைப்பில் தூசி புகுந்து, பகல் சூட்டில் விரிந்து ராத்திரிக் குளிரில் சுருங்கி, உரசி உரசிக் களிம்பேறித் தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 50 வாட்! சால்டரிங் அயர்ன் ஒன்றை ஓயாமல் எரியவிட்ட சூடு அந்தக் கட்டைவிரல் பருமன் பின்னுக்குள். அது உருகாமல் என்ன செய்யும்? ஒரு கம்பெனி ஆண் பின்னையும் வேறு கம்பெனி பெண் பின்னையும் ‘மாட்டுதே’ என்று சேர்த்துவிடுவதுதான் இப்படி உருகுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கிளிக் சத்தம் கேட்கும், கச்சிதம் இருக்காது.

கேபிள் டிவிக்காரர் செட்டாப் பாக்ஸில் திருகும் பின்னுக்கு ‘எஃப்’ என்று பேர். அதற்கு ஊசியே கிடையாது, தெரியுமா? கேபிளின் நடுக் கம்பியையே நீட்டிவிட்டு ஊசியாக்கிவிட்டார்கள். சிக்கனத்தின் உச்சம்! 1950-களில் அமெரிக்காவின் ஜெரால்ட் எலெக்ட்ரானிக்ஸில் எரிக் வின்ஸ்டன் கண்டது. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய மில்டன் ஷாப் பின்னாளில் அரசியலுக்கு வந்து, 1971 முதல் 1979 வரை பென்சில்வேனியா மாநில ஆளுநராக இருந்தார். அவர் அங்கே ஆண்டுகொண்டிருந்த 1977-ல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்து இங்கே முதல்வரானவர் எம்ஜிஆர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லைதான், சொல்லாமல் விட மனமில்லை.

ஃபைபர் நெட் வந்த வீடுகளில் பெட்டிக்குப் பின்னால் நீலமோ பச்சையோ ஒரு சதுரக் கிளிப் இருக்கும். நிறம் அழகுக்கு இல்லை! பச்சை என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடி முனையை 8 டிகிரி சாய்த்துத் தேய்த்திருக்கிறார்கள், பட்டுத் திரும்பும் ஒளி வந்த வழியே போகாமல் பக்கவாட்டில் சிதறட்டும் என்று. பச்சையை நீலத்தில் சொருகக் கூடாது. ஒளி ஓடும் நடுக்கண்ணாடி 9 மைக்ரான். இரண்டு முனைகளிலும் அந்த 9 மைக்ரான் நேருக்கு நேர் நிற்க வேண்டும், நடுவில் கரிசல் தூசி ஒரு துகள் விழுந்தால் படம் நின்றுவிடும். அதனால்தான் லைன்மேன்கள் முனையைத் துடைக்காமல் மாட்டுவதில்லை. கண்ணை வைத்து உள்ளே பார்க்காதீர்கள், அதில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இந்தத் துறைக்கு ‘ஃபைபர் ஆப்டிக்ஸ்’ என்று பெயர் வைத்தவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் நெட் இழுக்கும் திட்டத்தில் ஓடுவது இந்தக் கண்ணாடிதான்.

சார்ஜர் முனையில் வரும் யுஎஸ்பியில் இந்தியக் கை உண்டு என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். பரோடாவில் படித்த அஜய் பட் இன்டெலில் தம் குழுவோடு செய்ததன் முதல் தரம் 1996-ல் வந்தது. தெரியாத சேதி வேறு. இப்போதைய டைப்-சி கேபிளில் 60 வாட்டுக்கு மேல் தாங்கும் ரகம் என்றால் அதன் முனைக்குள் ஒரு சில்லு உட்கார்ந்திருக்கும். ‘நான் எவ்வளவு தாங்குவேன்’ என்று அது சார்ஜரிடம் சொன்ன பிறகுதான் சார்ஜர் கரண்டைக் கூட்டும். 2021-க்குப் பிறகு 240 வாட் வரை. ஒயர் பேசும் காலம்!

கடைசியாகக் கிழவர் ஒருவர். பங்குனிப் பொங்கலுக்கு ரேடியோ செட் கட்டுபவர்கள் ‘பி-38’ என்று சொல்லும் 6.35 மில்லிமீட்டர் தடி ஜாக். 1870-களின் கடைசியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒருவர் லைனை இன்னொருவர் லைனோடு கோத்துவிடச் செய்த சாமான் இது. எக்ஸ்சேஞ்ச் பெண்கள் சொருகிய அதே வடிவம், அதே கால் அங்குலம், இன்று மைக்கிலிருந்து ஆம்பிளிஃபயருக்குப் போகிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவோடு பிரபலமான இதன் 3.5 மில்லிமீட்டர் தம்பியை, கமுதியில் பேனல்கள் ஓட ஆரம்பித்த அதே 2016 செப்டம்பரில் ஐபோனிலிருந்து தூக்கிவிட்டார்கள். மற்ற செல்போன் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ரேடியோ செட்காரர்கள் மட்டும் இன்றும் மூட்டை மூட்டையாகப் பி-38 வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.